எரியறையின் கொள்ளளவும் அமுக்க விகிதமும்: கணக்கில் 10.4 வருகிறது, நம்பலாமா?

தீப்பொறி எழுதியது:

வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை முழுவதும் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். சிலிண்டரின் விட்டம் 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ. அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், கேம்ஷாஃப்ட்டுகள் ஹெட்டின் மேலேயே உள்ளன. ஹெட் சற்று வளைந்திருந்ததால் 0.5 மி.மீ. ஃபேஸிங் செய்ய, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க, வேண்டியதாயிற்று. அதற்கு முன் எரியறைகளை ப்யூரெட் (அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாய்) வைத்து அளந்தபோது ஒவ்வொன்றும் 45.2 சி.சி. அளவில் இருந்தது. ஃபேஸிங் முடிந்து, வால்வுகளைப் பூட்டிய பிறகு அளந்ததில் முதல் மூன்று அறைகள் 43.1, 42.9, 43.0 என்றும் நான்காவது 44.3 என்றும் வருகின்றன.

43.0 சி.சி.யை அடிப்படையாகக் கொண்டு அமுக்க விகிதத்தைக் கணக்கிட்டேன். ஸ்ட்ரோக் கொள்ளளவு 499.6 சி.சி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வரும் கேஸ்கெட்டின் தடிமன் 1.2 மி.மீ. என்பதால், 86 மி.மீ. விட்டத்துக்கு அது 6.97 சி.சி. ஆகிறது. பிஸ்டன் தலையில் வால்வுகளுக்காக வெட்டியிருக்கும் பள்ளங்கள் 3 சி.சி. என்று பிஸ்டன் வந்த பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்கின் மேல்முகத்தோடு சமமாக நிற்பதாகத் தோன்றியதால் அந்த இடைவெளியைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டேன். ஆக மொத்தம் 52.97 சி.சி.; விகிதம் 10.43.

எனக்கு வேண்டியது 10.5. ஹெட்டை இன்னும் 0.1 மி.மீ. சீவினால் போதும் என்று கணக்கு சொல்கிறது. மறுபடி கடைசலுக்கு அனுப்பும் முன் இந்தக் கணக்கை நம்பலாமா என்றும், நான்காவது அறையை மற்றவற்றோடு எப்படிச் சமப்படுத்துவது என்றும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அளவுகோல் எழுதியது:

ஹெட்டை இப்போதைக்கு எங்கும் அனுப்பாதீர்கள். சூத்திரத்தைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள்; ஸ்ட்ரோக் கொள்ளளவோடு மேலே மிஞ்சும் கொள்ளளவைக் கூட்டி, அந்த மிச்சக் கொள்ளளவாலேயே வகுக்க வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள், நீங்கள் தவறவிடவில்லை. ஆனால் வகுக்கும் எண்ணில் நீங்கள் சேர்த்திருக்கும் நான்கு உறுப்புகளில் ஒன்றைத்தான் உங்கள் கையால் அளந்திருக்கிறீர்கள். மற்ற மூன்றும் பெட்டியிலிருந்தோ, கண் மதிப்பிலிருந்தோ, ஊகத்திலிருந்தோ வந்தவை. இந்த அளவுள்ள சிலிண்டரில் மிச்சக் கொள்ளளவு 1 சி.சி. மாறினாலே விகிதம் ஏறத்தாழ 0.18 மாறிவிடும். நீங்கள் தேடுவதோ 0.07 வித்தியாசம்.

கேஸ்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். கேஸ்கெட்டின் துளை ஒருபோதும் சிலிண்டரின் துளை அளவிலேயே இருப்பதில்லை. அதன் விளிம்பு தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாகவே வெட்டியிருப்பார்கள். அந்த விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். துளை முழு வட்டமாக இல்லாவிட்டால் கட்டத்தாளில் வைத்து வரைந்து, பரப்பைக் கட்டங்களாக எண்ணுவதே நம்பகமான வழி. தடிமனைப் பொறுத்தவரை, போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்கு முறுக்கிய பின் இருக்கும் தடிமன்தான் கணக்குக்கு வேண்டும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் அதிகம் அமுங்காது. நார்க் கலவையில் செய்தவை நன்றாகவே அமுங்கும். உங்கள் 1.2 மி.மீ. அமுங்கிய அளவா, அமுங்காத அளவா என்று பாருங்கள்.

அடுத்தது பிஸ்டன் உச்சிநிலை. விரலால் தடவிப் பார்த்தோ, எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தோ சமம் என்று முடிவு செய்யக் கூடாது. டயல் கேஜை பிளாக்கின் மேல்முகத்தில் சுழியமாக்கிவிட்டு, பிஸ்டன் பின்னின் அச்சுக்கு நேர் மேலே முள்ளை வையுங்கள். பிஸ்டன் தன் பின்னைச் சுற்றிச் சற்றே ஆடும் என்பதால் அச்சுக்கு விலகிய எந்த இடத்தில் அளந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு எண்தான் வரும். அச்சின் மேல் அந்த ஆட்டம் தெரியாது. நான்கு பிஸ்டன்களையும் அளக்க வேண்டும்.

பிஸ்டன் தலையின் பள்ளத்தை அளப்பதற்குத் திரவத்தைவிட நல்ல கருவி இல்லை. பிஸ்டனை மேல்முகத்திலிருந்து சரியாக 10.00 மி.மீ. கீழே இறக்கி நிறுத்துங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் கிரீஸைத் தடவி, மேலே பிதுங்கியதைத் துணியால் வழித்துவிடுங்கள். அக்ரிலிக் தகட்டை மேலே ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து நிரப்புங்கள். தலை தட்டையாக இருந்தால் 58.1 சி.சி. பிடிக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு பிடிக்கிறதோ அதுவே பள்ளங்களின் கொள்ளளவு. தலை மேடாக இருக்கும் பிஸ்டனில் அதே அளவு குறைந்து வரும். இறக்கிய ஆழத்தில் 0.1 மி.மீ. பிசகினால் விடையில் 0.6 சி.சி. பிசகும் என்பதால் டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பயனில்லை.

இவை போக, பிஸ்டனின் மேல் ரிங்குக்கு மேலே, சுவரை ஒட்டி ஒரு மெல்லிய வளையமாக இடம் இருக்கிறது. உங்கள் அளவுள்ள பிஸ்டனில், மேல் ரிங் 6 மி.மீ. கீழே இருந்து, சந்து ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. இருந்தால் அது ஏறத்தாழ அரை சி.சி. ஆகும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரியறையை அளந்த விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஜினில் போடப்போகும் அதே ஸ்பார்க் பிளக்கைத்தான் பூட்டியிருந்தீர்களா? நீளம் குறைந்த பிளக் இருந்தால் அதன் துளையும் அறையின் கொள்ளளவாகச் சேர்ந்துவிடும். தகட்டின் நிரப்புத் துளை மிக உயர்ந்த இடத்தில் இருக்கும்படி ஹெட்டைச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலையில் காற்றுக் குமிழி தங்கி, அளவைக் குறைத்துக் காட்டும். நிரப்பி முடித்ததும் ப்யூரெட்டின் சுவரில் ஒட்டியிருக்கும் திரவம் இறங்கும்வரை சிறிது பொறுத்து, பிறைவளைவின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். அடுத்தடுத்த அளவுகள் 0.2 சி.சி.க்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

நான்காவது அறை பெரிதாகத் தெரிவதற்கு முதல் சந்தேகம் வால்வுக் கசிவு. திரவம் சொட்டுச் சொட்டாகப் போர்ட்டுக்குள் இறங்கினால் அறை பெரியது போலவே தோன்றும். அந்த அறையின் வால்வு விளிம்புகளில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி மறுபடி அளந்து பாருங்கள்.

தீப்பொறி எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடியே அனைத்தையும் அளந்தேன். கேஸ்கெட்டின் துளை 87.5 மி.மீ., முழு வட்டம், 1.2 மி.மீ. என்பது அமுங்கிய தடிமன்தான். பிஸ்டன்கள் நான்கும் உச்சியில் பிளாக்கின் மேல்முகத்துக்கு 0.3 மி.மீ. கீழே நிற்கின்றன. 10.00 மி.மீ. இறக்கி நிரப்பியபோது 62.4 சி.சி. பிடித்தது; அதாவது பள்ளங்கள் பெட்டியில் சொன்னது போல் 3 அல்ல, 4.3 சி.சி. மேல் ரிங்குக்கு மேலுள்ள இடம் உங்கள் மதிப்பீட்டுக்கு மிக அருகில் 0.5 சி.சி. வருகிறது. பிளக் சரியானதுதான்.

நான்காவது அறையின் வால்வுகளுக்குக் கிரீஸ் தடவியதும் 44.3 என்பது 43.5 ஆக இறங்கியது. ஆனாலும் அரை சி.சி. அதிகமாகவே இருக்கிறது.

கடைசல்காரர் எழுதியது:

இந்த எண்களை வைத்துக் கணக்கை மறுபடி போடுவோம். அறை 43.0; கேஸ்கெட் 7.22, பிஸ்டனுக்கு மேலுள்ள இடைவெளி 1.74, பள்ளங்கள் 4.3, ரிங்குக்கு மேல் 0.5. மொத்தம் 56.76 சி.சி. விகிதம் 9.80. முதலில் வந்த 10.43-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிழையும் அற்பமாகத்தான் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பொதுவாக அப்படித்தான் நடக்கிறது, ஏனென்றால் மறந்துபோகும் இடங்கள் எல்லாமே மிச்சக் கொள்ளளவைக் கூட்டுகிற இடங்கள்.

10.5 வேண்டுமானால் மிச்சக் கொள்ளளவு 52.6 சி.சி. ஆக வேண்டும், இன்னும் 4.2 சி.சி. குறைய வேண்டும். இதை முழுவதும் ஹெட்டிலிருந்து எடுக்க முடியுமா? 0.5 மி.மீ. சீவியதற்கு 2.2 சி.சி. குறைந்திருக்கிறது என்றால் உங்கள் அறையின் வாய்ப்பரப்பு 44 சதுர செ.மீ. அப்படியானால் இன்னும் 0.95 மி.மீ. சீவ வேண்டும். ஏற்கெனவே சீவியதோடு சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. ஹெட்டின் அடித்தட்டு மெலிந்து, அடுத்த முறை வளைவு வந்தால் திருத்துவதற்கு உலோகமே மிஞ்சாது. இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் பிஸ்டனின் தட்டையான விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே இப்போது 0.3-உம் 1.2-உம் சேர்ந்து 1.5 மி.மீ. இடைவெளி இருக்கிறது. ஸ்குவிஷ் என்று நாம் சொல்லும் இந்த ஒடுங்கிய பகுதியின் வேலை, பிஸ்டன் உச்சிக்கு நெருங்கும்போது அங்கிருக்கும் கலவையை வேகமாக அறையின் நடுவுக்குப் பிதுக்கித் தள்ளுவது. அதனால் உண்டாகும் கொந்தளிப்பு சுடர் பரவும் வேகத்தைக் கூட்டுகிறது; ஓரத்தில் கடைசியாக எரிய வேண்டிய கலவை அங்கே தங்காமலும், தங்கியது பரந்த உலோகத் தளங்களால் குளிர்ந்தும் போகிறது. நாக்கிங், அதாவது சுடர் வந்து சேரும் முன்பே கலவை தானாகப் பற்றி இன்ஜின் தட்டுவது, தொடங்குவது பெரும்பாலும் அந்த ஓரக் கலவையில்தான். எஃகு கனெக்டிங் ராட் உள்ள இன்ஜின்களில் இந்த இடைவெளியை 0.9 முதல் 1.1 மி.மீ. அளவில் வைப்பது வழக்கம். 1.5 மி.மீ. என்றால் பிதுங்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதே நேரத்தில் ஓரத்தில் கணிசமான கலவையும் தங்கும். ஹெட்டை எவ்வளவு சீவினாலும் இந்த இடைவெளி ஒரு நூல்கூடக் குறையாது. விகிதம் ஏறும், நாக்கிங்கைத் தடுக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யும் வழி பிளாக்கிலும் கேஸ்கெட்டிலும்தான் இருக்கிறது.

பிளாக்கின் மேல்முகத்தை 0.3 மி.மீ. ஃபேஸிங் செய்து பிஸ்டனைச் சமநிலைக்குக் கொண்டுவந்தால் 1.74 சி.சி. போய்விடும். 0.9 மி.மீ. தடிமனுள்ள பல அடுக்கு எஃகு கேஸ்கெட் உங்கள் இன்ஜினுக்குக் கிடைக்குமானால் இன்னும் 1.80 சி.சி. குறையும். மிஞ்சுவது 53.2 சி.சி.; விகிதம் 10.39, ஸ்குவிஷ் இடைவெளி 0.9 மி.மீ. நான் இங்கேயே நிறுத்திவிடுவேன். இந்த 10.39, உங்கள் 10.5-ஐவிட நாக்கிங்குக்கு எட்டவே நிற்கும். எஃகு கேஸ்கெட்டுக்கு இரு முகங்களும் மிக மழுமழுப்பாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் பூட்டும் முன் பிஸ்டன் பின்னின் அச்சு வாக்கில் இரு ஓரங்களிலும் 1.5 மி.மீ. சோல்டர் கம்பித் துண்டுகளை வைத்து, ஹெட்டை முழு இறுக்கத்தில் பூட்டி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். காகிதத்தில் போட்ட 0.9 உண்மையில் 0.9-தானா என்பது அப்போதுதான் தெரியும். கம்பியின் இரு முனைகளும் ஒரே தடிமனில் நசுங்கியிருக்க வேண்டும்.

ஹெட், பிளாக், கேஸ்கெட் மூன்றும் சேர்ந்து கேம்ஷாஃப்ட்டை கிராங்குக்கு 1.1 மி.மீ. அருகே கொண்டுவந்துவிடும். ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கேம் நேரம் கிராங்க் கணக்கில் ஏறத்தாழ 2.5 பாகை பின்தங்கும். திருத்திக்கொள்ளக்கூடிய ஸ்ப்ராக்கெட் போட்டு, பாகைத் தட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். வால்வுகளும் பிஸ்டனுக்கு அதே 1.1 மி.மீ. நெருங்கியிருக்கும். பிஸ்டன் பள்ளங்களில் மாடலிங் களிமண்ணை வைத்துச் சுற்றிப் பார்த்து, இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளியாவது இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மிக நெருங்கும் இடம் சரியாக உச்சியில் வராது. இன்டேக் வால்வுக்கு உச்சி தாண்டிச் சில பாகைகளிலும், எக்ஸாஸ்ட் வால்வுக்கு உச்சிக்கு முன்னும் வரும். ஆகவே கேம் நேரத்தைத் திருத்திய பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

நான்காம்வீச்சு எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 10.5 என்ற இலக்கு எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்டவர் ஒரு முறை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த எண்ணைக் கேம்ஷாஃப்ட்டை விட்டுவிட்டுத் தனியாக முடிவு செய்ய முடியாது. பிஸ்டன் கீழிருந்து மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு வெகுநேரம் திறந்தே இருக்கிறது; அது மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. உங்கள் கனெக்டிங் ராட் 145 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 53.2 சி.சி. மிச்சக் கொள்ளளவில், வால்வு அடிநிலைக்குப் பின் 60 பாகையில் மூடினால், மூடும் இடத்திலிருந்து எண்ணும் விகிதம் 8.6 வருகிறது. அதே இன்ஜினில் 70 பாகையில் மூடும் கேமைப் போட்டால் 7.9-தான். காகிதத்தில் இரண்டுமே 10.39. முதலாவது இன்ஜின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) குறைந்த பெட்ரோலில் குறைந்த சுழற்சியில் பாரம் இழுக்கும்போது சத்தம் போடலாம். இரண்டாவது அதே பெட்ரோலைத் தாங்கும், ஆனால் அடிச்சுழற்சியில் மந்தமாக இருக்கும். கேமின் விவரத்தை எழுதினால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.

விகிதத்தை ஏற்றுவதால் கிடைக்கும் பலனையும் அளவோடு எதிர்பாருங்கள். ஆட்டோ சுழற்சி (Otto cycle) எனப்படும் பெட்ரோல் இன்ஜின் சுழற்சியின் இலட்சியக் கணக்குப்படி 9.8-இல் வெப்பத்திறன் 59.9 சதவீதம், 10.4-இல் 60.8 சதவீதம். அதாவது ஏட்டளவிலேயே ஒன்றரை சதவீத ஆதாயம். உண்மையான இன்ஜினில் வெப்ப இழப்பும் உராய்வும் சேர்ந்து திறன் இந்த எண்களைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கும். ஆனால் நாக்கிங் வந்து இக்னிஷனைச் சில பாகைகள் பின்னுக்குத் தள்ள நேர்ந்தால் அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும். எரிபொருளும் விகிதமும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்தவை என்பதை ஹாரி ரிக்கார்டோ 1919-ஆம் ஆண்டளவிலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை இன்ஜினைக் கட்டிக் காட்டினார். இன்றும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை நிர்ணயிப்பது, சிலிண்டரை ஏற்றி இறக்கி விகிதத்தை 4 முதல் 18 வரை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில்தான். எரிபொருளை முதலில் முடிவு செய்துவிட்டு விகிதத்துக்கு வாருங்கள்.

தீப்பொறி எழுதியது:

பிளாக்கையும் கேஸ்கெட்டையும் மாற்றி 10.39-இல் நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். கேம் பழையதேதான், இன்டேக் மூடுவது 60 பாகைக்கு அருகில். எனக்குக் கிடைக்கும் பெட்ரோலுக்கு அது சரியாக இருக்கும் என்று உங்கள் விளக்கத்திலிருந்து புரிகிறது.

நான்காவது அறை மட்டும் பாக்கி. டெப்த் கேஜால் அளந்ததில் அந்த அறையின் இன்டேக் வால்வுகளில் ஒன்று மற்றவற்றைவிட 0.5 மி.மீ. உள்வாங்கி உட்கார்ந்திருக்கிறது. வால்வின் தலை 34 மி.மீ. மற்ற மூன்று அறைகளையும் கிரைண்டரால் அரை சி.சி. பெரிதாக்கிச் சமப்படுத்திவிடலாமா?

அளவுகோல் எழுதியது:

34 மி.மீ. வால்வு 0.5 மி.மீ. உள்ளே போனால் 0.45 சி.சி.; நீங்கள் தேடிய அரை சி.சி. முழுவதும் அதிலேயே இருக்கிறது. அறையின் வடிவத்தில் குறை எதுவும் இல்லை என்பதால் நல்ல நிலையில் இருக்கும் மூன்று அறைகளில் கிரைண்டரை வைக்க எந்தக் காரணமும் இல்லை. அரை சி.சி.யால் விகிதத்தில் வரும் வேறுபாடு 0.09-தான், அதற்காக மட்டும் என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் உள்வாங்கிய வால்வை அப்படியே விடக் கூடாது. அதன் தண்டு கேம் பக்கம் 0.5 மி.மீ. உயர்ந்திருக்கும், வால்வு இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். ஸ்பிரிங் 0.5 மி.மீ. நீண்டு நிற்பதால் அதன் அழுத்தமும் மற்றவற்றைவிடக் குறைவு. முதலில் கிரீஸ் தடவியதும் அளவு 0.8 சி.சி. இறங்கியதை நினைவில் வையுங்கள்; அந்த அறையில் ஏதோ ஒரு வால்வு கசிகிறது என்பது உறுதி, உள்வாங்கியதுதான் என்பது என் ஊகம். லேப்பிங் செய்தால், அதாவது வால்வைச் சீட்டில் வைத்து அரைப்பசையால் தேய்த்தால், கசிவு நிற்கலாம், வால்வு இன்னும் கொஞ்சம் உள்ளேதான் போகும். பழைய சீட் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, மற்ற வால்வுகளின் உயரத்துக்கே வெட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் வால்வு கைடு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தேய்ந்த கைடை வழிகாட்டியாக வைத்து வெட்டிய சீட் மையம் தவறியே அமையும். சீட் முடிந்ததும் நான்காவது அறையைக் கிரீஸ் இல்லாமல் ஒரு முறை, கிரீஸோடு ஒரு முறை அளந்து இங்கே எழுதுங்கள். இரண்டு அளவும் 43 சி.சி.யை ஒட்டி 0.2 சி.சி.க்குள் ஒத்துப்போனால் ஹெட்டைப் பூட்டலாம்.